கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களும், வர நினைக்கிறவர்களும், தூரத்திலிருந்து செய்தி பார்க்கிறவர்களும் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்தைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். "ஒரு கடைப் பெயர்ப்பலகைக்காக ஏன் இந்தச் சனம் இப்படிச் சண்டை பிடிக்குது?" என்பது அவற்றில் முதலாவது. பெயர்ப்பலகையில் தொடங்கினால் இந்த விஷயம் விளங்காது. பிள்ளை எந்த மொழியில் படிக்கும், படித்தபின் எந்த மொழியில் வேலை கிடைக்கும் என்ற இடத்திலிருந்து பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். கீழே உள்ள பதில்களை அந்த இடத்தில் நின்றுதான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மொழிக்காரரும் ஒரே நாட்டுக்குள் எப்படி வந்தார்கள்?

பிரெஞ்சுக்காரர் முதலில் வந்தார்கள். சாமுவேல் த ஷாம்ப்ளேன் 1608இல் கியூபெக் நகரை நிறுவினார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டு சென் லோரன்ஸ் ஆற்றங்கரை பிரெஞ்சுக் குடியேற்றமாகவே இருந்தது. 1759 செப்டம்பர் 13ஆம் திகதி கியூபெக் நகரின் மதிலுக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் நடந்த சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பிரித்தானியத் தளபதி வுல்ஃப், பிரெஞ்சுத் தளபதி மொன்கால்ம் இருவருமே அதில் பட்ட காயத்தால் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மொன்றியலும் விழுந்தது. 1763இல் பாரிஸ் உடன்படிக்கை மூலம் பிரான்ஸ் இந்த நிலத்தைப் பிரித்தானியாவுக்கு எழுதிக் கொடுத்தது.

அதிகாரிகளும் பெரிய வணிகர்களும் கப்பலேறிப் பிரான்ஸ் போனார்கள். சுமார் 65,000 முதல் 70,000 வரையான விவசாயக் குடும்பத்தினரும் அவர்களுடைய கத்தோலிக்கப் பாதிரிமாரும் அப்படியே தங்கினார்கள். இன்றைய கியூபெக் மக்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வழிவந்தவர்கள்.

கிழக்கே அகாடியாவில், அதாவது இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கத்தில், கதை இதைவிடக் கொடுமையானது. பிரித்தானிய மன்னருக்கு நிபந்தனையில்லாமல் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள் என்று 1755இலிருந்து அங்கிருந்த பிரெஞ்சுக்காரரை வீடுவாசலோடு பிடுங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 10,000 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டார்கள். கடலில் மூழ்கியவர்களும் நோயில் செத்தவர்களும் ஏராளம். லூசியானாவின் கேஜன் மக்கள் இவர்களுடைய வழித்தோன்றல்களே.

பிரித்தானிய அரசு பிரெஞ்சு மொழியை ஒழிக்கப் பார்த்ததா?

ஒரு காலத்தில் விட்டுக்கொடுத்தது, இன்னொரு காலத்தில் ஒழிக்கப் பார்த்தது. தெற்கே அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்துக்கொண்டிருந்த 1774இல், கியூபெக் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து கத்தோலிக்க மதத்தையும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தையும் லண்டன் அனுமதித்தது. பிரெஞ்சுக்காரர் கலகக்காரரோடு சேர்ந்துவிடக் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது.

1837, 1838இல் லூயி ஜோசப் பப்பினோவின் பின்னால் திரண்ட தேசபக்தர்கள் ஆயுதம் எடுத்தார்கள். படை அதை அடக்கியது. மொன்றியல் சிறை முன்னால் 12 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். காரணத்தை ஆராய வந்த டர்ஹாம் பிரபு 1839இல் கொடுத்த அறிக்கையில், ஒரே அரசுக்குள் இரண்டு தேசங்கள் போரிடுவதைக் கண்டதாக எழுதினார். பிரெஞ்சுக் கனடியரை வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்றும் சொன்னார். ஆங்கிலேயரோடு கரைத்துவிடுவதே வழி என்பது அவருடைய முடிவு. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டப்படி மேல் கனடாவும் (இன்றைய ஒன்ராறியோ) கீழ் கனடாவும் (இன்றைய கியூபெக்) ஒன்றாக்கப்பட்டு, சட்டமன்றத்தின் பதிவு மொழி ஆங்கிலம் மட்டும் என்றானது.

அது நிலைக்கவில்லை. நிலைக்காமல் போனதற்கு இரண்டு மனிதர்களின் நட்பு ஒரு முக்கிய காரணம். பிரெஞ்சுக் கனடியத் தலைவர் லூயி இப்பொலித் லாஃபொன்தேன் தன் தொகுதியில் வெல்ல முடியாமல் போனபோது, ரொறன்ரோப் பக்கத்து ஆங்கிலத் தொகுதியொன்றில் அவரை நிற்க வைத்து 1841இல் வெல்ல வைத்தவர் ஆங்கிலேயர் பக்கத்துத் தலைவர் ரொபர்ட் போல்ட்வின். பிறகு போல்ட்வின் தோற்றபோது, பிரெஞ்சுத் தொகுதியான ரிமூஸ்கியில் அவரை நிறுத்தினார் லாஃபொன்தேன். 1842இல் லாஃபொன்தேன் மன்றத்தில் பிரெஞ்சில் பேச எழுந்தார். ஆங்கிலத்தில் பேசும்படி குறுக்கிட்டார்கள். ஆங்கிலம் தனக்குப் பிரெஞ்சு அளவுக்கே வந்தாலும் முதல் உரையைத் தன் மக்களின் மொழியில்தான் ஆற்றுவேன் என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். 1848இல் அந்த மொழித்தடை நீக்கப்பட்டது. 1849இல் ஆத்திரம் கொண்ட ஆங்கிலக் கூட்டம் மொன்றியலில் இருந்த பாராளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. மொன்றியல் அதோடு தலைநகர் அந்தஸ்தை இழந்தது.

1867இல் கூட்டாட்சி வந்ததே, அதில் மொழிக்கு உரிமை கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள், ஆனால் மிகக் குறுகிய இடத்தில். ஒட்டாவாப் பாராளுமன்றம், கியூபெக் சட்டமன்றம், அவற்றோடு சேர்ந்த நீதிமன்றங்கள் ஆகியவற்றில் இரண்டு மொழிகளும் செல்லும். பள்ளிகளைப் பொறுத்தவரை அரசியலமைப்பு மதத்தைக் காத்ததே தவிர மொழியைக் காக்கவில்லை. கியூபெக்குக்கு வெளியே இருந்த பிரெஞ்சுக்காரரின் கழுத்தை நெரித்தது இந்த ஓட்டைதான்.

மனிற்றோபாவில் என்ன நடந்தது?

என் பார்வையில் இந்த முழு வரலாற்றிலும் மிக மோசமான நம்பிக்கைத் துரோகம் இதுதான். செந்நிற ஆற்றங்கரையில் வாழ்ந்த மேட்டி மக்கள், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான சமூகம். அவர்களில் பலர் பிரெஞ்சு பேசுகிற கத்தோலிக்கர். அவர்களுடைய தலைவர் லூயி றியேல் போராடியதன் விளைவாக 1870இல் மனிற்றோபா மாகாணம் உருவானது. இரண்டு மொழிகளுக்கும் சமவுரிமை என்று அதன் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1885இல் சஸ்கச்சுவான் பக்கம் நடந்த இரண்டாவது எழுச்சிக்குப் பிறகு றியேலைத் தூக்கிலிட்டார்கள். கியூபெக் முழுவதும் கொதித்தது. 1890இல் மனிற்றோபா அரசு ஒரே மூச்சில் பிரெஞ்சின் அரசமொழி உரிமையையும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான அரசுப் பணத்தையும் வெட்டியது.

1892இலும் 1909இலும் நீதிபதிகள் அந்த மொழிச் சட்டம் செல்லாது என்றார்கள். அரசு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் 1976இல், சென் பொனிஃபஸ் பகுதியில் ஜோர்ஜ் ஃபொறெஸ்ட் என்பவரின் காருக்கு ஒரு பார்க்கிங் டிக்கெட் கிடைத்தது. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட டிக்கெட். சின்ன அபராதம், கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கட்டாமல் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979இல் அந்த 1890ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. 1985இல் இன்னொரு தீர்ப்பு: ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மாகாணச் சட்டங்கள் அத்தனையும் செல்லாதவை. ஒரு மாகாணமே சட்டமில்லாமல் நிற்க முடியாது என்பதால், மொழிபெயர்த்து மறுபடி நிறைவேற்றும் வரை அவை தற்காலிகமாகச் செல்லும் என்று நீதிமன்றம் அவகாசம் கொடுத்தது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் எத்தனை தலைமுறை தன் மொழியைத் தொலைத்தது என்பதற்கு எந்தத் தீர்ப்பாலும் ஈடு செய்ய முடியாது.

ஒன்ராறியோவில் தாய்மார் ஊசியோடு பள்ளியைக் காத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1912இல் ஒன்ராறியோ அரசு 'ஒழுங்கு விதி 17' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் கற்பிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒட்டாவாவில் கீக் பள்ளி ஆசிரியைகளான பெயத்ரீஸ், டியான் டெலோஜ் என்ற சகோதரிகள் கீழ்ப்படிய மறுத்தார்கள். அவர்களை நீக்கியதும் பிள்ளைகள் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்கள். கிடைத்த இடங்களில் வகுப்பு நடந்தது. 1916 ஜனவரியில், நல்ல பனிக்காலம், தாய்மார் கூட்டமாகச் சென்று சகோதரிகளைப் பள்ளிக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு வாசலில் காவல் நின்றார்கள். கையில் அகப்பட்டதுதான் ஆயுதம்: தொப்பி ஊசி, கத்தரிக்கோல், மா உருட்டும் கட்டை. காவல்துறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. வகுப்பு தொடர்ந்தது. 1927இல் அரசு அந்த விதியைத் தளர்த்தியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது தனி நாடு இல்லை. தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் தங்கள் மொழி. அதைக்கூடக் கொடுக்காததால்தான், "கியூபெக்குக்கு வெளியே நமக்கு இடமில்லை, உள்ளேயாவது நாமே ஆள வேண்டும்" என்ற எண்ணம் கியூபெக்கில் வேரூன்றியது.

உலகப் போர்களில் பிரெஞ்சுக் கனடியர் சண்டைக்குப் போக மறுத்தார்களா?

தாமாகச் சேர்ந்து போரிட்டவர்கள் பல ஆயிரம். கட்டாய ஆட்சேர்ப்பைத்தான் எதிர்த்தார்கள். 1917இல் அது சட்டமானது. 1918 ஈஸ்டர் காலத்தில் கியூபெக் நகரில் கலவரம் வெடித்தது, படையினர் சுட்டதில் பொதுமக்கள் நால்வர் இறந்தார்கள். 1942இல் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் கியூபெக்கில் பத்தில் ஏழு பேருக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். மற்ற மாகாணங்கள் பெரும்பான்மையாக 'வேண்டும்' என்றன. பெரும்பான்மை ஒரு பக்கம் நின்றால் சிறுபான்மையின் வாக்குக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அன்று பலருக்கு முளைத்தது.

கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்தானே பெரும்பான்மை? அங்கே அவர்களுக்கு என்ன குறை?

வேலைத்தலத்தில் குறை. மொன்றியலின் வங்கிகள், ரயில் கம்பனிகள், காப்புறுதி நிறுவனங்கள், பெரிய கடைகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. தொழிற்சாலைத் தளத்தில் பிரெஞ்சு, மேலாளர் அறையில் ஆங்கிலம். பிரெஞ்சில் பேசினால் "வெள்ளையர் மொழியில் பேசு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். 1960களில் கூட்டாட்சி அரசு அமைத்த லோரண்டோ-டன்டன் ஆணையம் 1961ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, கியூபெக் ஆண்களின் வருமானத்தில் 14 இனக்குழுக்களில் பிரெஞ்சு வழியினர் 12ஆவது இடத்தில் இருந்தார்கள். சொந்த மாகாணத்தில், எண்பது வீதமானவர்கள் தாங்களாக இருந்தும்! 1962இல் அரசு ரயில் நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஏன் ஒரு பிரெஞ்சுக் கனடியர்கூட இல்லை என்று கேட்டதற்கு, தகுதி பார்த்தே பதவி என்று பதில் சொன்னார் அதன் தலைவர். மாணவர்கள் தெருவில் இறங்கி அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள்.

1960இல் ஜான் லெசாஜ் ஆட்சிக்கு வந்ததோடு நிலைமை மாறத் தொடங்கியது. பள்ளியும் மருத்துவமனையும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. 'நம் வீட்டில் நாமே எசமானர்' என்ற முழக்கத்தோடு 1962 தேர்தலில் வென்று, தனியார் மின்சாரக் கம்பனிகளை அரசுடைமை ஆக்கினார்கள். பெரிய அணைக்கட்டுகளைப் பிரெஞ்சு பேசும் பொறியியலாளர்கள் பிரெஞ்சிலேயே திட்டமிட்டுக் கட்டினார்கள். அந்தத் தலைமுறைக்கு அது கொடுத்த நம்பிக்கையைச் சாதாரணமாக எடைபோட முடியாது.

குண்டு வெடிப்பு, கடத்தல் எல்லாம் நடந்ததாமே?

ஆம். கியூபெக் விடுதலை முன்னணி என்ற குழு 1963இலிருந்து அஞ்சல் பெட்டிகளிலும் கட்டடங்களிலும் குண்டு வைத்தது. 1970 ஒக்டோபரில் பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் குரோஸையும் மாகாண அமைச்சர் பியேர் லபோர்ட்டையும் கடத்தியது. பிரதமர் பியேர் ட்ரூடோ போர்க்காலச் சட்டத்தை எடுத்து வந்தார். பிடியாணை இல்லாமலே சுமார் 500 பேர் கைதானார்கள். பெரும்பாலோர் மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. லபோர்ட் கொல்லப்பட்டு ஒரு காரின் பின்பெட்டியில் கிடந்தார். குரோஸ் உயிரோடு மீண்டார். அந்தக் கொலைக்குப் பிறகு ஆயுத வழிக்கு மக்களிடம் இருந்த கொஞ்சநஞ்ச அனுதாபமும் போய்விட்டது. பிரிவினை கேட்டவர்களும் வாக்குப் பெட்டியோடு நின்றுகொண்டார்கள்.

பில் 101 என்றால் என்ன? ஏன் அவ்வளவு கடுமை?

1960களில் கியூபெக்கில் பிறப்பு விகிதம் வேகமாகச் சரிந்தது. பெரிய குடும்பங்களால் எண்ணிக்கையைத் தக்கவைத்த காலம் முடிந்தது. புதிதாக வந்த குடிவரவாளர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினார்கள், ஏனென்றால் வேலை ஆங்கிலத்தில்தான் இருந்தது. 1968இல் மொன்றியல் புறநகரான சென் லியோனாரில் பள்ளிச் சபை இனிப் பிரெஞ்சு மட்டுமே என்று முடிவெடுக்க, அங்கிருந்த இத்தாலியப் பெற்றோர் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு தெருச்சண்டையே நடந்தது. அரசு ஒரு சட்டத்தில் பெற்றோருக்குத் தேர்வுரிமை கொடுத்தது. 1974இல் இன்னொரு சட்டத்தில், ஆங்கிலப் பள்ளியில் சேர விரும்பும் சின்னக் குழந்தைகளுக்கு மொழிப் பரீட்சை வைத்தது. ஆறு வயதுப் பிள்ளையைப் பரீட்சைக்கு உட்கார வைத்ததை இரண்டு பக்கமும் வெறுத்தார்கள்.

1976 நவம்பரில் ரெனே லெவெக் தலைமையில், தனி நாடு கேட்ட பார்ட்டி கியூபெக்குவா கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தது. அமைச்சர் கமில் லோரான் முன்னின்று 1977 ஓகஸ்டில் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை நிறைவேற்றினார். அதுதான் பில் 101. பெரிய வேலைத்தலங்களின் மொழி பிரெஞ்சு, வணிகப் பலகை பிரெஞ்சில் மட்டும், குடிவரவாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி பிரெஞ்சில். 1970களின் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலப் பள்ளியில். இன்று பத்தில் ஒன்பது பேர் வரை பிரெஞ்சுப் பள்ளியில். சட்டம் நினைத்ததைச் செய்தது என்பதை எதிர்ப்பவர்களும் மறுக்க மாட்டார்கள்.

ஆங்கிலம் பேசுவோர் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. மொன்றியலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆங்கிலம் பேசுவோர் எல்லோரும் முதலாளிகள் இல்லை. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த ஐரிஷ் குடும்பங்களும், ஆங்கிலம் பேசிய கறுப்பினத்தவரும் யூதர்களும் இருந்தார்கள். 1976க்கும் 1981க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலம் பேசுவோர் மாகாணத்தை விட்டுப் போனார்கள். சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் 1978இல் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பணமும் நிறுவனங்களும் ரொறன்ரோ பக்கம் சாயத் தொடங்கியது அதற்கும் முந்திய கதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர்ப்பலகை வழக்கும் இங்கேதான் வருகிறது. பொயின்ட் கிளேரில் ஒரு கம்பளி நூல் கடை. பலகையில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'கம்பளி' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சை மறைக்கவில்லை, கூடவே ஆங்கிலம் இருந்தது, அவ்வளவுதான். அது சட்டமீறல் என்றது அரசு. 1988இல் உச்ச நீதிமன்றம், பிரெஞ்சை முதன்மையாக்கலாம், மற்ற மொழிகளை முழுதாகத் தடுக்க முடியாது என்றது. கியூபெக் முதல்வர் ரொபேர் புராசாவின் அரசு, சில உரிமைகளை மீறியும் சட்டம் இயற்ற இடம்கொடுக்கும் அரசியலமைப்பின் விலக்குப் பிரிவைப் பயன்படுத்தி வெளிப்பலகைத் தடையைத் தொடர்ந்தது. அவருடைய ஆங்கில அமைச்சர்கள் மூவர் பதவி விலகினார்கள். 1993இல் ஒருவழியாக, பிரெஞ்சு மேலோங்கித் தெரிந்தால் மற்ற மொழியும் இருக்கலாம் என்று திருத்தினார்கள். அந்த நூல்கடைக்காரியை ஐந்து வருடம் முன்னதாகவே விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பள்ளிச் சட்டத்துக்கு இருந்த தேவை அந்தத் தடைக்கு இல்லை.

தனி நாட்டு வாக்கெடுப்புகளின் முடிவு என்ன?

1980 மே 20: வேண்டாம் என்றவர்கள் சுமார் 60 வீதம். 1982இல் புதிய அரசியலமைப்பு கியூபெக்கின் சம்மதம் இல்லாமலே நடைமுறைக்கு வந்தது. இன்றுவரை கியூபெக் அரசு அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. அதைச் சரிசெய்ய 1987இல் எழுதிய மீச் ஏரி ஒப்பந்தம் 1990இல் செத்தது. 1992இல் இன்னொரு முயற்சியை நாடு முழுவதும் மக்களே நிராகரித்தார்கள். அந்த ஏமாற்றங்கள் எல்லாம் சேர்ந்து 1995 ஒக்டோபர் 30இல் வந்து நின்றன. வாக்களித்தவர்கள் 93 வீதத்துக்கு மேல். வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. வித்தியாசம் 54,288 வாக்குகள்.

தோல்விக்குக் குடிவரவாளரைக் குற்றம் சொன்னார்களா?

அன்றிரவு முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் இன வாக்குகளும் தங்களைத் தோற்கடித்துவிட்டன என்று மேடையில் சொன்னார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். கோட் டெ நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் உட்பட, வந்து குடியேறிய எல்லோருக்கும் அந்த வார்த்தை உறைத்தது. பிரிவினை கேட்டவர்களிலேயே பலர் வெட்கப்பட்டார்கள். இனப் பெரும்பான்மையின் பெயரால் என்ன நடக்கும் என்று இலங்கையில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

பள்ளிச் சட்டம் நம்மவர்களையும் தொட்டது. பெற்றோரில் ஒருவராவது கனடாவில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி கற்றிருந்தால்தான் பிள்ளைக்கு ஆங்கில அரசுப் பள்ளி. அதனால் 1980களில் அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில் படித்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று மூன்றும் பேசி வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இன்று மொன்றியலின் சொத்து.

பூர்வகுடிகள் இதில் எங்கே?

இரண்டு மொழிகளும் அவர்கள் நிலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. மீச் ஏரி ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளுக்கு இடமில்லை என்பதால் மனிற்றோபாச் சட்டமன்றத்தில் கழுகு இறகைக் கையில் பிடித்தபடி ஒப்புதல் தர மறுத்தவர் இலைஜா ஹார்ப்பர். 1995இல் வட கியூபெக்கின் கிறீ மக்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 96 வீதத்துக்கு மேல் பிரிவினையை மறுத்தார்கள். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் 'ஸ்தாபக மொழிகள்' என்று யாராவது பேசும்போது அவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

பிரெஞ்சு இன்று உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறதா?

2021 கணக்கெடுப்பின்படி, வீட்டில் பிரதானமாகப் பிரெஞ்சு பேசுவோர் கியூபெக்கில் 77.5 வீதம். 2016இல் 79 வீதமாக இருந்தது. கனடா முழுவதும் எடுத்தால் 19.2 வீதம். நாளைக்கே அழியும் மொழி இல்லை. ஆனால் சுற்றிலும் ஆங்கிலம் பேசும் 30 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு நடுவே இருப்பவர்களின் பயத்தைத் தமிழர் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வது? அந்தப் பயத்தில்தான் 2022இல் பில் 96 வந்தது. புதிதாகக் குடியேறுகிறவர்களுடன் ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும் என்கிறது அது. சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆறு மாதத்தில் ஒரு மொழியைப் படித்து அரசுக் கடிதத்தை விளங்கிக்கொள்வது, இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு நடக்கிற காரியமில்லை.

கியூபெக்குக்கு வெளியே நியூ பிரன்சுவிக் மட்டுமே சட்டப்படி இருமொழி மாகாணம். மற்ற இடங்களில் 1982 அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்குப் பள்ளி உரிமை கொடுத்தது. அந்தப் பள்ளிகளைத் தாங்களே நிர்வகிக்கவும் உரிமை உண்டென்று 1990இல் அல்பேர்ட்டா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெலோஜ் சகோதரிகள் கேட்டது கிடைக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு வாக்கெடுப்பு வருமா?

ஆட்சிக்கு வந்தால் முதல் பதவிக் காலத்திலேயே மூன்றாவது வாக்கெடுப்பு நடத்துவோம் என்று பார்ட்டி கியூபெக்குவாவின் தலைவர் போல் சென் பியேர் பிளமொண்டன் அறிவித்திருக்கிறார். நடந்தாலும் விதிகள் இனி வேறு. 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்றால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். 2000இல் வந்த தெளிவுச் சட்டம், கேள்வி தெளிவானதா, பெரும்பான்மை போதுமா என்று தீர்மானிக்கும் வேலையை ஒட்டாவாப் பாராளுமன்றத்திடம் கொடுத்தது. எத்தனை வீதம் என்று எண் எதையும் அது குறிப்பிடவில்லை. கியூபெக் சட்டமன்றமோ அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி, பாதிக்கு மேல் ஒரு வாக்கு கூடினாலே போதும் என்று எழுதி வைத்திருக்கிறது.